அணைத்து வைத்த ஒலிபெருக்கி

அணைத்து வைத்த ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் வரக்கூடாது. வந்தது.

டிக். சிறிது இடைவெளி. பிறகு இன்னொன்று, முன்னதைவிட மெதுவாக. அதன் பின் நீண்ட மௌனம்.

ஹமீதா கையிலெடுத்த சோற்றைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தாள். மலேசிய ஜார்ஜ் டவுனின் அந்தக் குறுகிய சந்தில், அவளும், அவளை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் சின்னம்மா மகள் ஷாஹிராவும் நடத்தும் காது பரிசோதனைக் கடைக்கு நேர் எதிரே அலாவுதீன் பாயின் குருவி வீடு. ஒரு காலத்தில் அது எல்லாவற்றையும் போல ஒரு கடைவீடு. இப்போது மேல்மாடி ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். கூரைக்குக் கீழே ஒரே ஒரு சதுர ஓட்டை. வாலிட் குருவிகள் அதன் வழியாக உள்ளே போய் இருட்டில் எச்சிலால் கூடு கட்டும். அந்தக் கூட்டைத்தான் சூப் வைத்துக் குடிக்கிறார்கள். குருவியைக் கூப்பிடுவதற்கு ஒரே வழி, ஏற்கெனவே குடியிருக்கும் குருவிகளின் குரலைப் பதிவு செய்து நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விடுவது. குரலைக் கேட்டதும் வெளியே பறப்பவை உள்ளே பாதுகாப்பு என்று நம்பி நுழைந்துவிடும்.

நகரத்துக்குள் குருவி வீடு கூடாது என்று சொல்லிப் பல வருடமாகிறது. ஆனால் அலாவுதீன் பாய் மீது யாரும் புகார் கொடுத்ததில்லை. பாங்கு சொல்வதற்கு முன்பே அவர் குருவிச் சத்தத்தை நிறுத்திவிடுவார். தொழுகை முடிந்து வந்துதான் மறுபடி போடுவார். அந்த ஒரு மரியாதைக்காகச் சந்து முழுவதும் அவருக்கு மரியாதை.

"ஷாஹி, கேக்குதா?"

"என்னது?"

"எதிர்வீட்டு ஸ்பீக்கர். டிக்குனு ஒண்ணு. அப்புறம் மெதுவா ஒண்ணு."

"பாய் இப்பத்தானே ஆஃப் பண்ணிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனாரு. ஆஃப் பண்ண ஸ்பீக்கர் எப்படி லாத்தா சத்தம் போடும்?"

"அதான் எனக்கும் புரியல."

"நாள் பூரா அடுத்தவங்க காதுல பீப் பீப்புனு வெச்சுப் பாக்குறீங்க. உங்க காதும் கெட்டுப் போச்சு லா. சாப்பிடுங்க, ஆறுது."

ஹமீதா சிரித்தாள். ஆனால் விடவில்லை. ஒரு சத்தத்துக்குக் காரணம் தெரியாமல் இருந்தால் அவளுக்குப் பல்லில் நார் மாட்டியது போல இருக்கும். வெயிலில் காய்ந்த தகரம் நிழல் பட்டதும் சுருங்கி டிக்கென்று அடிக்கும். ஆனால் அது போகப் போகக் குறைந்து நின்றுவிடும், இது குறையவில்லை. வாலிட் குருவியே இருட்டில் வழி கண்டுபிடிக்க நாக்கால் தட்டுவது போல ஒரு ஒலி எழுப்பும். ஆனால் அது சீப்பின் பல்லை நகத்தால் வருடியது போலக் கடகடவென்று ஓடும். இது ஓடவில்லை. இது பொறுமையாக இருந்தது. ஒன்று அழுத்தமாக, ஒன்று தயக்கமாக. எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கே என்று மட்டும் வரவில்லை.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். மாநகராட்சிக்கு ஒரு ஃபோன் போதும். ஆனால் பெரிய மனுஷரை முதலில் கேட்காமல் அடுத்தவரிடம் போவது அந்தச் சந்தில் முறையில்லை. அதனால் ஷாஹிரா புறநகர் கெலுகோரில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்த மதியத்தில், தொழுகை முடிந்து வந்த அலாவுதீன் பாயிடமே போய்க் கேட்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டார். வியப்பு எதுவும் காட்டவில்லை.

"உனக்குக் கேட்டுச்சா, தங்கச்சி?"

"ஆமா பாய். வயர்ல ஏதோ கோளாறு போல. இல்லன்னா உள்ள யாரோ தட்டுற மாதிரி இருக்கு."

"காது டாக்டர் ஆச்சே நீ. வா, நீயே பாரு. ஃபோனைக் கீழ வெச்சிட்டு வா, வெளிச்சம் பட்டா குருவி பயப்படும்."

அவள் ஃபோனை மேசையில் வைத்தாள். சொன்னதைச் செய்தாள்.

படி ஏற ஏறக் காற்று மாறியது. ஈரப்பதத்துக்காகக் குழாய்களிலிருந்து நீர்ப்புகை சீறிக்கொண்டிருந்தது. அது முகத்தில் மெல்லிய வியர்வை போலப் படிந்தது. குருவி எச்சத்தின் காரமான நெடி மூக்கின் உள்ளே ஏறிக் கண்ணில் நீராக இறங்கியது. காலடியில் பலகை மெத்தென்று அமுங்கியது. சுவரெங்கும் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்ததால் தன் குரலே தன்னை விட்டு நகராதது போல இருந்தது. பாய் கீழே சுவிட்சைப் போட்டார். குருவிக் குரல் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வெடித்தது. அந்தச் சத்தத்தில் அவர் படியேறி வந்ததும் கதவு சாத்தப்பட்டதும் அவளுக்குக் கேட்கவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

முதலில் தவறுதலாகப் பூட்டிவிட்டார் என்று நினைத்தாள். அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அதிகக் கோபம் வந்தது.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கதவை உதைத்தாள். பஞ்சு எல்லாவற்றையும் விழுங்கியது. மிச்சத்தைக் குருவிகள் விழுங்கின.

கதவின் அடியில் ஒரு சிறிய தடுப்பு இருந்தது. அது திறந்து, சோற்றுப் பொட்டலமும் தண்ணீர் போத்தலும் உள்ளே வந்தன. பிறகு அவர் குரல், கடையில் பேசுவது போல அதே நிதானத்தில்.

"சாப்பிடு தங்கச்சி. அயிலை மீன் வெச்சிருக்கேன்."

"கதவைத் தொறங்க. ஷாஹிரா தேடுவா. போலீஸ் வரும்."

"ஷாஹிரா வந்து கேட்டா. ஈப்போவுல அவசர வேலைன்னு நீ என்கிட்ட சொல்லிட்டுப் போனதா சொல்லிட்டேன். சரி மாமான்னு போயிட்டா. நான் சொன்னா நம்பாம இருப்பாங்களா?"

"எதுக்குப் பாய்? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. கேட்டுட்டே. அவ்வளவுதான்."

"உள்ள தட்டுறது யாரு?"

தடுப்பு மூடவில்லை. அவர் தண்ணீர் போத்தலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

"தட்டட்டும்னுதான் விட்டு வெச்சிருக்கேன். தட்டினா யாருக்குக் கேக்கும்? கேக்குறவங்க யார்கிட்ட வந்து கேப்பாங்க? என்கிட்டத்தான். அப்ப யாருக்குக் காது இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

தடுப்பு மூடியது.

பகலும் இரவும் இல்லாத அந்த இருட்டில் நேரத்தைச் சொன்னது குருவிக் குரல் நிற்கும் வேளைகள்தான். நிற்கும்போதெல்லாம் அவள் காதைத் தீட்டினாள். அந்த மௌனத்தில், தலைக்கு மேல், மிக அருகில்: டிக். பிறகு மெதுவாக: டிக்.

கைகளால் தடவினாள். பாய் ஒரு மாடியை நடுவில் பலகை போட்டு இரண்டாக்கியிருந்தார், குருவிகளுக்குக் கூடுதல் இடம் வேண்டுமென்று. அதனால் மேற்பலகை கைக்கு எட்டியது. சட்டங்களுக்கு இடையே உள்ளங்கை அளவு ஒலிபெருக்கிகள் தொங்கின. ஒன்றைப் பிடித்தாள். விரலுக்கு உடனே தெரிந்தது. பித்தளைத் தட்டில் ஒட்டிய மெல்லிய பீங்கான் வில்லை. இதில் மின்சாரம் பாய்ந்தால் வில்லை வளைந்து சத்தம் போடும். அது பாதிக் கதைதான். வில்லையைத் தட்டினால், அது மின்சாரம் தரும். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் பொறி வருவது அப்படித்தான். உள்ளே ஒரு சுத்தியல் பீங்கானைத் தட்டுகிறது.

இங்கே எல்லா ஒலிபெருக்கிகளும் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்கின. உள்ளே இருப்பவை, மேலே இருப்பவை, தெருவில் நடைபாதைக்கு மேலே இருப்பது, எல்லாம். கீழே குருவிக் குரலை விடும் கருவி ஓடும்போது அது கம்பியைத் தன் பிடியில் வைத்திருக்கும். சின்னத் தட்டல் எதுவும் எடுபடாது. கருவியை அணைத்தால் கம்பி விடுபடும். அப்போது ஒரு வில்லையைத் தட்டினால் மற்ற எல்லா வில்லைகளும் மெல்லத் துடிக்கும். இந்த வீட்டிலிருந்து சத்தம் வெளியே போக வழியில்லை. கம்பிக்கு வழியிருந்தது.

அணைத்து வைத்த ஒலிபெருக்கி ஏன் பேசியது என்று இப்போது தெரிந்தது. தெரிந்ததும் முதுகில் நீர்ப்புகை இறங்கியது போலச் சில்லிட்டது. பாய் தொழப் போகும்போது கருவியை அணைக்கிறார். அவர் காட்டும் அந்த மரியாதையில்தான் மேலே ஒருத்தி தட்டுகிறாள்.

ஒன்று அழுத்தமாக. ஒன்று தயக்கமாக.

காமாரியா.

பாயின் மனைவி காமாரியா அவளிடம் பரிசோதனைக்கு வந்தபோது, சத்தம் கேட்டதும் அழுத்த வேண்டிய பட்டனை அழுத்த மாட்டாள். "அது எனக்கு ஒத்து வராது லா" என்று மோதிர விரலால் மேசையைத் தட்டுவாள். கேட்டதற்கு ஒரு தட்டு. பிறகு, கேட்டதா இல்லையா என்ற சந்தேகத்துக்கு மெதுவாக இன்னொரு தட்டு. அவளுக்கு நடுக்காதில் கோளாறு. காற்றின் வழி வரும் சத்தம் எட்டாது, எலும்பின் வழி வந்தால் எட்டும். காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வியை வைத்ததும் கண்கள் விரியச் சிரித்தாள். "எலும்புக்கும் காது இருக்கா லாத்தா?"

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு காமாரியா ஊருக்குப் போய்விட்டாள் என்று பாய் சொன்னார். ராமநாதபுரம், அம்மா வீடு. எத்தனை மாதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்தவர் குடும்ப விஷயம். எல்லோரும் சலாம் சொல்லச் சொன்னார்கள். ஹமீதா இன்னும் ஒரு படி மேலே போய், காமாரியாவின் காதுக் கருவிக்கு ஒரு பொட்டலம் பேட்டரி கொடுத்து, ஊருக்கு அனுப்பிவிடுங்கள் பாய் என்று சொன்னாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

இரண்டு கையாலும்.

ஹமீதா உதட்டைக் கடித்தாள். ரத்தத்தின் உப்பு நாக்கில் பட்டது.

அடுத்த முறை சத்தம் நின்றதும் ஒலிபெருக்கியை நகத்தால் தட்டினாள். மேலே தட்டல் அறுந்தது. நெற்றியை ஒலிபெருக்கியில் வைத்து, எலும்பு வழியாகத்தான் மேலே இருப்பவள் இவ்வளவு நாளும் கேட்டிருக்க வேண்டும். ஹமீதா மறுபடி தட்டினாள்.

பதில் வந்தது. அழுத்தமாக. தயக்கமாக. பிறகு விடாமல், தாறுமாறாக, அழுகை போல.

கம்பி மேலே போகும் இடத்தில் பலகையில் ஒரு துளை இருந்தது. ஹமீதா விரலை அதற்குள் நுழைத்தாள். ஈரம். பலகைச் சிராய். பிறகு ஏதோ ஒன்று அவள் விரல் நுனியைத் தொட்டது. குளிர்ந்தது. எலும்பாக இருந்தது. நகம் இல்லை, நகம் இருக்க வேண்டிய இடம் காய்த்துக் கல்லாகியிருந்தது. அந்த விரல் அவள் விரலைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டது. குருவிச் சத்தம் மறுபடி வரும்வரை விடவில்லை.

அதன் பிறகு தடுப்பு திறந்தபோது ஹமீதா அவரைக் கேட்டாள்.

"காமாரியா என்ன பண்ணா?"

"போறேன், திரும்ப வரமாட்டேன்னா. ஊருக்குப் போயிட்டான்னு நான் சொல்லிட்டேன். பாதி உண்மைதானே, தங்கச்சி."

"அல்லாவுக்குப் பயப்படலையா நீங்க?"

"ஒரு வேளைத் தொழுகை விட்டதில்ல நான்."

அவர் உண்மையிலேயே புண்பட்டது போலச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டபோது அவளுக்குக் கதவை அல்ல, அந்தச் சந்து முழுவதையும் உதைக்க வேண்டும் போல இருந்தது. தன்னையும் சேர்த்து.

அதன் பிறகு அவள் அழவில்லை. குருவிகள் கூடு கட்டும் கனத்த பலகை ஒன்றை ஆணியோடு ஆட்டி ஆட்டித் தளர்த்தினாள். அது கையோடு வந்தது. கதவருகே சாய்த்து வைத்தாள். ஆனால் அவர் கதவைத் திறப்பதே இல்லை. தடுப்பு மட்டும். கை மட்டும். திறக்காத கதவுக்குப் பின்னால் பலகை வைத்திருந்து என்ன பயன்?

அந்தித் தொழுகைக்குக் குரல் நின்றது. மேலே தட்டல் தொடங்கியது. ஹமீதாவும் தட்டினாள், யாராவது கேட்கட்டும் என்று. தட்டிவிட்டு ஒலிபெருக்கியைப் பல்லால் கவ்விக்கொண்டாள். எலும்பு வழி. தெருவிலிருக்கும் ஒலிபெருக்கியும் ஒரு வில்லைதானே. தெருவின் ஓசை அதைத் தட்டும், அது கம்பியில் வரும், தாடையில் ஏறும். கொசு பேசுவது போல மெல்லியதாக ஒரு மோட்டார் சைக்கிள். காலணி. பிறகு ஒரு குரல். பூச்சியளவு சின்னது. ஆனாலும் தெரிந்தது.

"மாமா, லாத்தா இன்னும் ஃபோன் எடுக்கல."

ஷாஹிரா.

"வேலை முடியலைபோல, மா."

"அதில்ல மாமா. லாத்தா சொன்ன அந்தச் சத்தம். டிக் டிக்னு. இப்ப எனக்கும் கேக்குது."

ஹமீதாவின் தாடை விறைத்தது. வேண்டாம். போய்விடு. அவரிடம் கேட்காதே.

"உனக்கும் கேக்குதா?"

"ஆமா. உள்ள யாரோ..."

"வா, நீயே பாரு. ஃபோனைக் கீழ வெச்சிட்டு வா."

கத்துவதால் பயனில்லை. நிறுத்த வேண்டும். தட்டலை நிறுத்த வேண்டும். அவள் தன் கையை எடுத்துவிட்டாள். மேலே இருப்பவள் நிறுத்தவில்லை. டிக். டிக். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு பதில் தட்டல் வந்திருக்கிறது. அவள் எப்படி நிறுத்துவாள்? குருவியின் குரலைக் கேட்டுக் குருவி வருகிறது. காமாரியாவைக் கேட்டு ஹமீதா வந்தாள். இப்போது ஷாஹிரா.

அந்தக் கம்பிக்குள் இரண்டு கம்பிகள். ஒன்று போக, ஒன்று வர. அவற்றின் ரப்பர் தோலைப் பல்லால் உரித்தாள். செம்பு நாக்கில் கசந்தது. இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கினால் போதும். தட்டலில் பிறக்கும் மின்சாரம் அங்கேயே சுற்றிச் செத்துவிடும். தெருவுக்கு எதுவும் போகாது. தெருவிலிருந்து எதுவும் வராது. ஷாஹிரா போனாளா, உள்ளே வந்தாளா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

கடைசியாக ஒரு முறை ஒலிபெருக்கியைக் கவ்வினாள்.

"இல்ல மாமா, நான்..."

முறுக்கினாள்.

ஒன்றுமில்லை. தெரு இல்லை. ஷாஹிரா இல்லை. பற்களுக்கிடையே வெறும் பித்தளை.

மேலே பலகையில் விரல் தட்டுவது மட்டும் கேட்டது. கம்பியில் அல்ல. மரத்தில். டிக். டிக். பிறகு நெற்றிக்கு எதுவும் வராததால் அது நின்றது. துளை வழியாக ஒரு விரல் இறங்கியது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மங்கலான வெள்ளையாக. நகமில்லாமல். இருட்டில் இடமும் வலமும் வளைந்து அவளைத் தேடியது. ஹமீதா செத்துவிட்டாள் என்று அது நினைத்திருக்கும். தொட்டுச் சொல்ல நேரமில்லை. ஹமீதா பலகையை எடுத்துக்கொண்டு கதவின் பின்னால் நின்றாள்.

கீழே சுவிட்ச் போடும் ஒலி. கருவிக்குள் ஒரு சொடுக்கு. உடனே இன்னொரு சொடுக்கு, முறுக்கிய கம்பியால் அது தானாக அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது.

குருவிகள் பாடவில்லை.

அந்தி. ஓட்டைக்கு வெளியே திரும்பி வந்த குருவிகள், குரல் கேட்காமல், உள்ளே வராமல், கூரையைச் சுற்றிச் சிறகடித்தன. பாய் வீட்டில் இருக்கும்போது அத்தனை நாளில் முதல் தடவையாக எல்லாம் கேட்டது. தன் மூச்சு. விரல் மரத்தில் உரசுவது. படிக்கட்டில் காலடி. ஒரு ஆளுடையதா, இரண்டு ஆளுடையதா?

ஏறியது. நின்றது. ஏறியது.

கம்பியில் கோளாறு என்றால் கீழே இருந்து சரிசெய்ய முடியாது. எந்த மாடியில் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதற்குக் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும்.

சாவி உள்ளே நுழைந்தது.